காப்பகப் பிள்ளைகளோடு பண்டிகை: டெல்டா மாவட்டங்களில் கொண்டாட நினைப்பவர்களுக்கு முழு வழிகாட்டி

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக் குழந்தைகள் காப்பகங்களில் ஒரே நாளில் மூன்று நான்கு குழுக்கள் வந்துபோவது வழக்கம். ஒரு குழு மைசூர்பாகு கொடுக்கும், அடுத்தது ஜாங்கிரி கொடுக்கும், இன்னொன்று மத்தியானம் பிரியாணி போடும். பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் வரிசையில் நின்று "தேங்க்யூ அண்ணா, தேங்க்யூ அக்கா" சொல்வார்கள். சாயங்காலம் பாதி இனிப்பு தட்டிலேயே கிடக்கும். தீபாவளி அன்று காலையிலோ வாசல் வெறிச்சென்று இருக்கும். வந்தவர்கள் எல்லோருக்கும் அவரவர் வீட்டில் தீபாவளி.

எல்லோரும் நல்ல மனசோடுதான் வருகிறார்கள். அந்த மனசும் செலவும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நம் வீட்டில் பண்டிகை எப்படி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். பத்து நாள் முன்பே துணி எடுக்கிற பேச்சு. முறுக்கு அச்சை யார் பிழிவது என்று சண்டை. வாசலில் கோலம் போட இடம் பிடிப்பது. தேங்காய் துருவச் சொன்னால் துருவியதில் பாதியைத் தின்றுவிடுவது. இந்த வேலைகள்தான் பிள்ளைகளுக்குப் பண்டிகை. காப்பகத்துப் பிள்ளைகளுக்கு இனிப்பு கிடைத்துவிடுகிறது, இந்த வேலைகள் கிடைப்பதில்லை. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே யோசனைதான்: பண்டிகையை அவர்கள் கையால் நடத்தவிடுங்கள், நீங்கள் கூடமாட நில்லுங்கள்.

எந்தப் பண்டிகை, எந்த நாள்

முதலில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். காப்பகத்தில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ பாட்டியோ இருக்கிறார்கள். வறுமை, நோய், குடும்பப் பிரச்சினை என்று ஏதோ ஒன்றால் இங்கே வந்திருப்பார்கள். தீபாவளி, பொங்கல் விடுமுறையில் உரிய அனுமதியோடு அவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். போக இடம் இல்லாதவர்கள் மட்டும் தங்குவார்கள். சாதாரண நாளில் நாற்பது பேர் இருக்கிற இல்லத்தில் பண்டிகை அன்று பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருக்கலாம். பண்டிகை அன்று உங்களால் வர முடியும் என்றால் அந்தப் பத்துப் பேருக்காக வாருங்கள். எல்லாப் பிள்ளைகளோடும் கொண்டாட வேண்டும் என்றால், அவர்கள் ஊருக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பாக வையுங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டால் நாற்பது பேருக்குச் சமைத்துவிட்டுப் பத்துப் பேர் முன்னால் நிற்க வேண்டி வரும்.

என்னைக் கேட்டால் தீபாவளியை விட்டுவிட்டு, யாரும் கவனிக்காத பண்டிகையைப் பிடியுங்கள் என்பேன். நம் பக்கத்துக்கு ஆடிப்பெருக்கை விடப் பொருத்தமானது எது? ஆகஸ்ட் 2 அல்லது 3 இல் வரும். அந்தச் சமயத்தில் காப்பகத்துக்கு வரும் கூட்டம் குறைவு. செலவும் அதிகமில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் ஆடி 18 அன்று பிள்ளைகள் சின்னச் சப்பரம் கட்டித் தெருவில் இழுத்துப்போவது பழைய வழக்கம். அட்டை, வண்ணக் காகிதம், மூங்கில் குச்சி, நான்கு மரச் சக்கரம் இருந்தால் போதும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிள்ளைகளே செய்துவிடுவார்கள். மத்தியானத்துக்கு எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், புளியோதரை, தயிர்ச் சாதம் என்று சித்திரான்னம். கூடவே ஊறவைத்த அரிசியில் வெல்லம் கலந்த காப்பரிசி.

ஆனால் ஆற்றங்கரைக்கு மட்டும் கூட்டிப்போக வேண்டாம். ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்த தண்ணீர், ஆடியில் காவிரியிலும் வெண்ணாற்றிலும் குடமுருட்டியிலும் இழுத்துக்கொண்டு ஓடும். படித்துறைப் பாசியில் ஒரு பிள்ளை வழுக்கினால் பிடிப்பது கஷ்டம். இல்லத்து முற்றத்தில் ஒரு பெரிய அண்டாவில் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, பூ தூவி, மஞ்சள் கயிறு வைத்துக் கும்பிட்டால் போதும்.

திருக்கார்த்திகையும் நல்ல நாள். நூறு அகல், நல்லெண்ணெய், திரி. பொரியில் வெல்லப்பாகு ஊற்றி உருண்டை பிடிக்க ஒரு கூட்டமே உட்காரலாம். அப்போது மழைக்காலம் என்பதால் விளக்கு வைக்க வராந்தாவை முன்பே பார்த்துவையுங்கள்.

நாகப்பட்டினம், தரங்கம்பாடி, வேளாங்கண்ணி பக்கம் கிறிஸ்துமஸ் கொண்டாடப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிகழ்ச்சியை டிசம்பர் 26 ஆம் தேதிக்குத் தள்ளிவைக்காதீர்கள். 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அன்றைய நாகப்பட்டினம் மாவட்டம். இன்றைய பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள்தான். ஆனாலும் இல்லத்தில் சமைக்கிற அக்காவுக்கோ காவலுக்கு நிற்கிற அண்ணனுக்கோ அது உறவைப் பறிகொடுத்த நாளாக இருக்கலாம்.

இல்லத்தைத் தேர்ந்தெடுப்பது

குழந்தைகள் தங்கியிருக்கும் எந்த இல்லமும், அரசு நடத்தினாலும் தனியார் நடத்தினாலும், இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம் 2015 இன்படி பதிவு செய்திருக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உங்கள் மாவட்டத்தில் பதிவான இல்லங்கள் எவை என்பது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் தெரியும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், 2020 இல் தனி மாவட்டமான மயிலாடுதுறை, எல்லாவற்றிலும் இந்த அலுவலகம் உண்டு. கலெக்டர் ஆபீஸில் கேட்டால் வழி சொல்வார்கள்.

அங்கே போவதில் இன்னொரு லாபம் இருக்கிறது. எந்த இல்லத்துக்கு யாருமே போவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டில் இருக்கிற இல்லத்துக்குத்தான் எல்லோரும் போவார்கள். வேதாரண்யம் பக்கமோ முத்துப்பேட்டை பக்கமோ உள்ளே தள்ளி இருக்கிற இல்லத்துக்கு ஆள் வருவது அபூர்வம். ஒரு மணி நேரம் கூடுதல் பயணம்தானே, அங்கே போங்கள்.

பதிவுச் சான்று எங்கே என்று கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தை விட்டுவிடுங்கள். ஒழுங்காக நடக்கிற இல்லத்தில் அது அலுவலக அறைச் சுவரிலேயே மாட்டியிருக்கும்.

முதல் தடவை வெறுங்கையோடு போங்கள்

பண்டிகைக்கு ஆறு வாரம் முன்பு, போனில் நேரம் கேட்டுக்கொண்டு இரண்டு பேர் மட்டும் போங்கள். அன்றைக்கு இனிப்பும் வேண்டாம், பொம்மையும் வேண்டாம். கண்காணிப்பாளரிடம் பேசுங்கள். அதைவிட முக்கியமாக, சமையல் செய்யும் அம்மாவிடமும் பிள்ளைகளோடு இரவு தங்கும் அக்காவிடமும் பேசுங்கள். கண்காணிப்பாளர் "எது கொடுத்தாலும் சந்தோஷம் சார்" என்பார். அந்த அக்காதான் "மூணு பேருக்குச் செருப்பு பிஞ்சு கிடக்கு" என்பார்.

கேட்க வேண்டியவை இவை. பண்டிகை அன்று எத்தனை பேர் தங்குவார்கள், என்னென்ன வயசு? யாருக்காவது ஒவ்வாமை, வலிப்பு, சர்க்கரை, ஆஸ்துமா உண்டா? வெளியில் சமைத்த சாப்பாட்டை அனுமதிப்பார்களா? வேறு யாரெல்லாம் வருகிறார்கள், என்ன கொண்டுவருகிறார்கள்? பட்டாசு சத்தத்துக்குப் பயப்படும் பிள்ளை இருக்கிறதா? போன வருடம் யாராவது செய்ததில் பிள்ளைகளுக்கு எது ரொம்பப் பிடித்தது, எது பிடிக்கவில்லை? கடைசிக் கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள். மற்ற எல்லாவற்றையும் விட அதற்கு வரும் பதில்தான் உங்களுக்கு வழி காட்டும்.

பெண் பிள்ளைகள் இல்லம் என்றால் ஆண்கள் எவ்வளவு தூரம் உள்ளே வரலாம் என்பதையும் அப்போதே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பல இடங்களில் பெண்கள் இருக்கிற குழுவை மட்டும்தான் அனுமதிப்பார்கள். அது சரியான கட்டுப்பாடு, வருத்தப்பட ஒன்றுமில்லை.

மதத்தையும் மறக்கக் கூடாது. ஒரே இல்லத்தில் நாகூர்ப் பிள்ளையும் இருக்கும், வேளாங்கண்ணிப் பிள்ளையும் இருக்கும், திருவையாற்றுப் பிள்ளையும் இருக்கும். எல்லோர் நெற்றியிலும் விபூதி பூசுவது, எல்லோரையும் ஜெபம் சொல்லவைப்பது இரண்டுமே கூடாது. சாமி கும்பிடுகிற பகுதியைச் சின்னதாக வைத்து, விரும்புகிறவர்கள் வரட்டும் என்று விட்டுவிடுங்கள். விளையாட்டும் சாப்பாடும் எல்லோருக்கும் பொது.

அனுமதிக் கடிதம்

வாய்வார்த்தை போதாது. இல்லத்தின் கண்காணிப்பாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். அரசு இல்லமாக இருந்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கும் ஒரு நகல் கொடுங்கள். இப்படி இருக்கலாம்:

"ஐயா / அம்மையீர், எங்கள் நண்பர்கள் குழுவினர் எட்டுப் பேர், தங்கள் இல்லக் குழந்தைகளோடு பொங்கல் கொண்டாட விரும்புகிறோம். நாள், நேரம்: ____. நிகழ்ச்சி: கோலம், முற்றத்தில் பொங்கல் வைத்தல், விளையாட்டு, மதிய உணவு. உணவு தங்கள் சமையலறையிலேயே தங்கள் பணியாளர் மேற்பார்வையில் சமைக்கப்படும். வருவோர் பெயர்ப் பட்டியலும் அடையாள அட்டை நகலும் இணைத்துள்ளோம். குழந்தைகளைப் புகைப்படம், காணொளி எடுக்க மாட்டோம் என உறுதி அளிக்கிறோம். அனுமதி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

பட்டியலில் இல்லாத ஆளை அன்றைக்குக் கூட்டிப்போகாதீர்கள். "மச்சான் ஊரிலிருந்து வந்திருக்கான், அவனும் வரட்டுமே" என்பது இங்கே செல்லாது. முப்பது பிள்ளைகளுக்கு எட்டிலிருந்து பத்துப் பேர் போனால் போதும். அதற்கு மேல் போனால் பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டு நிற்பார்கள்.

பணம்

யாரோ ஒருவர் பெயரில் ஒரு நோட்டுப் போட்டு வரவு செலவு எழுதுங்கள், முடிந்ததும் பணம் கொடுத்த எல்லோருக்கும் அனுப்புங்கள். மிச்சம் இருந்தால் என்ன செய்யப்போகிறோம் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

வருமான வரிச் சலுகை வேண்டும் என்பவர்கள், அந்தத் தகுதி உள்ள இல்லமா என்று கேட்டுக்கொண்டு, வங்கி வழியாக இல்லத்தின் கணக்கில் நேரே செலுத்தி ரசீது வாங்கிக்கொள்ளட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. அரிசி, துணி என்று பொருளாகக் கொடுப்பதற்கும் கிடையாது.

டெல்டாவில் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார்கள். "நான் அனுப்புறேண்டா" என்று அவர்கள் சொல்லும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க இல்லத்துக்குத் தனி அனுமதி வேண்டும். தெரியாமல் வாங்கிவிட்டால் சிக்கல் இல்லத்துக்குத்தான்.

துணி: இதில்தான் நேரம் செலவழியுங்கள்

மொத்தமாக ஒரே நிறத்தில் நாற்பது சட்டை எடுத்தால் விலை குறையும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு பிள்ளை பள்ளிக்கூடம் போனால் "ஹோம் பசங்க வர்றாங்க" என்று ஊரே அடையாளம் கண்டுகொள்ளும். தீபாவளித் துணி யாருக்கும் சீருடை ஆகக் கூடாது.

செய்கிற முறை இது. இல்லத்து அக்காவிடம் ஒரு நோட்டுக் கொடுத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு எண், அதற்கு எதிரே இப்போது போடுகிற சட்டை, கால்சட்டை, பாவாடை, சுடிதார் அளவு, செருப்பு அளவு, உள்ளாடை அளவு ஆகியவற்றைக் குறித்துத் தரச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், எண் போதும். பிள்ளைகளை நிற்கவைத்து நீங்கள் அளவு எடுக்காதீர்கள். வயசைச் சொல்லிக் கடையில் வாங்கினால் பாதி பொருந்தாது, அதனால் அளவைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். வளர்கிற பிள்ளைகளுக்கு ஒரு அளவு கூட எடுங்கள்.

அப்புறம் கடை. மாற்றித் தருவார்கள் என்று உறுதி சொல்கிற கடையாகப் பாருங்கள். சில ஜவுளிக் கடைக்காரர்கள் கேட்டுக்கொண்டால் ஒரு பையன் கையில் நாற்பது ஐம்பது மாதிரியைக் கொடுத்து இல்லத்துக்கே அனுப்புவார்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் அவர்களுக்கு நேரம் இருக்காது, புரட்டாசியிலேயே பேசுங்கள். அது முடியாவிட்டால் ஒவ்வொரு அளவிலும் நான்கு ஐந்து துணியைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளிடம் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

அந்த நேரம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கறுப்புச் சட்டையைக் காட்டுவான். கூட வந்த பெரியவர் "தீபாவளிக்குக் கறுப்பாப்பா?" என்பார். பையன் கையை எடுத்துவிட்டு, பக்கத்தில் இருக்கிற மஞ்சளைத் தொட்டு "அப்ப இது" என்பான். எது கொடுத்தாலும் சரி என்று சொல்லிப் பழகிய பிள்ளை அப்படித்தான் உடனே விட்டுக்கொடுக்கும். அவனுக்குக் கறுப்பு வேண்டும் என்றால் கறுப்பே எடுங்கள். 'எனக்கு இது வேண்டும்' என்று சொல்லி அது கிடைப்பது அந்தப் பிள்ளைக்கு அடிக்கடி நடப்பதில்லை.

பழைய துணி வேண்டவே வேண்டாம். பெரிய பெண் பிள்ளைகளுக்கு நாப்கின், உள்ளாடை, தலைக்கு ரிப்பன், கிளிப் ஆகியவற்றை அக்காவிடம் கேட்டு, தனிப் பையில் போட்டு அவர் கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். துணியைக் கொடுக்கும்போது மேடை போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுக்க வேண்டாம். முந்தின நாள் ராத்திரியே அவரவர் எண் எழுதிய பையை இல்லத்துக்காரர்களிடம் சேர்த்துவிடுங்கள். ஒரு சின்னக் கிண்ணத்தில் குழைத்த மஞ்சளும் இருக்கட்டும். புதுத்துணியின் ஓரத்தில் தானே மஞ்சள் தடவி மடித்துவைக்கிற பிள்ளை, அன்று ராத்திரி அதைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு தூங்கும்.

பொங்கல் அன்று

பொங்கலுக்குச் செலவு குறைவு, வேலை அதிகம். பிள்ளைகளுக்கு அதுதான் கொண்டாட்டம். பிள்ளைகளை எட்டுப் பத்துப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு சின்ன மண்பானை கொடுங்கள். புது மண்பானையை அப்படியே அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் அரிசி களைந்த தண்ணீர் ஊற்றிச் சின்னத் தீயில் காயவிட்டுப் பழக்குங்கள். இந்த வேலையையும் பெரிய பிள்ளைகளிடமே கொடுக்கலாம்.

போகி அன்று சாயங்காலம் போனால் முற்றத்தைக் கூட்டித் தெளித்து, கோலத்துக்குப் புள்ளி வைத்துவிடலாம். பொங்கல் காலை ஒரு குழு மஞ்சள் கொத்தும் இஞ்சிக் கொத்தும் பானைக் கழுத்தில் கட்டட்டும். ஒரு குழு செங்கல் அடுக்கி அடுப்பு கூட்டட்டும். ஒரு குழு கரும்பை நடட்டும். தீ மூட்டுவதும் விறகு தள்ளுவதும் பெரியவர்கள் வேலை. அடுப்பைச் சுற்றி நான்கு அடிக்குச் சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டு, அதைத் தாண்டாமல் நின்று பார்க்கச் சொல்லுங்கள். நைலான் துப்பட்டா, தொங்கும் பாவாடை இருந்தால் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பால் பொங்கி வருகிற நேரத்துக்காக எல்லோரும் தட்டும் கரண்டியும் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். நுரை பானை விளிம்புக்கு வரும், ஒரு நொடி நிற்கும், மறுபடி கீழே இறங்கும். "ஐயோ" என்று ஒரு சத்தம். மறுபடி ஏறிக் கழுத்து மஞ்சள் மேல் வழிந்ததும் தட்டுச் சத்தமும் "பொங்கலோ பொங்கல்" சத்தமும் தெருக்கோடி வரை கேட்கும். யாருடைய பானை முதலில் பொங்கியது என்ற சண்டை சாப்பாடு வரைக்கும் ஓடும். ஓடட்டும்.

மண்பானைப் பொங்கல் சாஸ்திரத்துக்குத்தான். வயிறு நிறையச் சாப்பிட, சமையல் அம்மாவின் அடுப்பில் தனியாக ஒரு அண்டாவில் செய்யுங்கள். நாற்பது பேருக்குப் பச்சரிசி இரண்டு கிலோ, பாசிப்பருப்பு அரை கிலோ, வெல்லம் மூன்று கிலோ, பால் ஒரு லிட்டர், நெய் அரை கிலோ, முந்திரியும் திராட்சையும் நூறு நூறு கிராம், ஏலக்காய் இருபது கிராம். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டாமல் போடாதீர்கள், கல் கிடக்கும். பண்டிகை நாளில் சமையல் அம்மாவுக்கு வேலை இரட்டிப்பாகும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். காய் நறுக்க, பாத்திரம் கழுவ உங்கள் குழுவில் இரண்டு பேரை அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். அவருக்கும் இரவு அக்காவுக்கும் காவலருக்கும் புடவை, வேட்டி எடுக்க மறக்காதீர்கள்.

மாட்டுப் பொங்கலுக்குப் பக்கத்துத் தெருவில் மாடு வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். கழுவின மாட்டை இல்லத்து வாசலுக்கு ஓட்டிவந்து, பிள்ளைகள் கொம்புக்கு வண்ணம் அடித்து நெட்டிமாலை போட்டால் அந்த நாள் அவர்களுக்கு மறக்காது. தஞ்சாவூருக்குப் பக்கத்தில் இருப்பவர்கள், இல்லம் அனுமதித்தால், பெரிய கோயில் நந்திக்குக் காய்கனி அலங்காரம் செய்திருப்பதைக் காட்டக் கூட்டிப்போகலாம். இல்லப் பணியாளர் கூட வரவேண்டும், கூட்டம் ஏறுவதற்கு முன் காலையிலேயே போய்விட வேண்டும்.

தீபாவளி அன்று

விடியற்காலை எண்ணெய்க் குளியல் இல்லத்து அக்காக்களின் பொறுப்பு. அதில் தன்னார்வலர்களுக்கு வேலையே இல்லை. நல்லெண்ணெயும் சீயக்காயும் முந்தின நாளே வாங்கிக் கொடுத்துவிட்டு, காலை ஆறு மணிக்குப் போய்ச் சேருங்கள். தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்க அரசு தந்திருக்கும் நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. காலை நேரம் டெல்டாவில் பெரும்பாலும் ஈரமாகத்தான் இருக்கும். ஐப்பசி மழையில் முற்றம் குளமானால் என்ன செய்வது என்று மாற்று ஏற்பாடு இல்லாமல் போகாதீர்கள். கேரம், தாயம், பல்லாங்குழி, ஒரு கூடத்தில் அந்தாக்ஷரி, எதுவானாலும் சரி.

பட்டாசில் வெடியைக் குறைத்து மத்தாப்பு, சங்குசக்கரம், புஸ்வாணம் என்று வாங்குங்கள். அடி உதை சத்தத்திலிருந்து தப்பி வந்த பிள்ளை திடீர் வெடிச் சத்தத்தில் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அப்படிப்பட்ட பிள்ளையைச் சமாதானம் செய்து வெளியே இழுக்காதீர்கள். உள்ளே அதோடு விளையாட ஒரு அக்கா இருக்கட்டும். எல்லோருக்கும் பருத்தித் துணி, காலில் செருப்பு. எரிந்து முடிந்த மத்தாப்புக் கம்பியைப் போட ஒரு வாளித் தண்ணீர் தயாராக இருக்க வேண்டும். தரையில் கிடக்கிற சூட்டுக் கம்பியை வெறுங்காலில் மிதித்துச் சுட்டுக்கொள்ளும் பிள்ளைகள் அதிகம். சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். இங்க், பற்பசை, மஞ்சள் எதுவும் தடவக் கூடாது. பெரிய காயம் என்றால் 108.

தீபாவளிப் பலகாரம் வாங்கிப்போவதை விட, ஒரு வாரம் முன்பே இல்லத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து முறுக்கும் சீடையும் செய்யுங்கள். மாவு பிசைவதும் உருட்டுவதும் அச்சில் பிழிவதும் அவர்கள், எண்ணெய்ச் சட்டிப் பக்கம் நீங்கள். கோணல்மாணலாக வரும் முறுக்குக்குத்தான் கிராக்கி.

படம் எடுக்காதீர்கள்

காப்பகத்தில் உள்ள குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் தெரியும் எதையும் வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74 ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து. சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பாருங்கள். பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை கல்லூரி படிக்கும்போது, கையில் தட்டேந்தி நிற்கிற அதன் படம் எங்கோ கிடைக்க வேண்டுமா? பணம் கொடுத்தவர்களுக்குக் காட்டப் படம் தேவை என்றால் கோலத்தை, பானையை, சப்பரத்தை எடுங்கள். உங்கள் குழுவினர் எல்லோருடைய போனையும் உள்ளே போகும்போதே ஒரு பையில் போட்டு ஒருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

'ஆதரவற்ற குழந்தைகளுக்கு உதவி' என்று பேனர் அடிக்காதீர்கள். வரவேற்புரை, நன்றியுரை, சிறப்பு விருந்தினர் எதுவும் வேண்டாம்.

பேசும்போது

"அம்மா எங்கே?", "ஏன் இங்கே வந்தே?" என்று கேட்காதீர்கள். என்ன படிக்கிறே, கிரிக்கெட்டா கபடியா, யாருக்கு விசிறி என்று பேச எவ்வளவோ இருக்கிறது. "உன்னை நான் கூட்டிட்டுப் போயிடட்டுமா?" என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது. பிள்ளை அதை நம்பி நாள் எண்ணும். அடுத்த வாரம் வருகிறேன் என்ற வார்த்தையும் அப்படித்தான். நிச்சயம் இல்லையென்றால் சொல்லவே சொல்லாதீர்கள். ரகசியமாகக் காசு, போன் நம்பர் கொடுப்பது கூடாது. எந்தப் பிள்ளையோடும் தனி அறையில் இருக்காதீர்கள்.

அபூர்வமாக, பேச்சோடு பேச்சாக ஒரு பிள்ளை தனக்கு நடக்கிற கொடுமையைச் சொல்லிவிடலாம். அப்போது பதறாமல் கேளுங்கள். துருவித் துருவி விசாரிக்க வேண்டாம். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யவும் வேண்டாம். "நீ சொன்னது நல்லது, உனக்கு உதவறவங்க கிட்ட சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே குழந்தைகள் உதவி எண்ணான 1098 க்கு அழையுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. பாலியல் கொடுமை என்றால், போக்சோ சட்டம் 2012 இன்படி தெரிந்தவர் புகார் சொல்லியே ஆகவேண்டும். இல்லத்து ஆள் மேலேயே புகார் என்றால் இல்லத்தில் சொல்லிக்கொண்டிருக்காமல் நேரே குழந்தைகள் நலக் குழுவுக்கோ போலீஸுக்கோ போய்விடுங்கள்.

பண்டிகைக்குப் பிறகு

அன்று சாயங்காலம் கிளம்பும் முன் முற்றத்தைக் கூட்டி, செங்கல்லை ஓரமாக அடுக்கி, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போங்கள். மறுவாரம் கண்காணிப்பாளருக்குப் போன் செய்து எது சரியாக இல்லை என்று கேளுங்கள். துணி பொருந்தாத பிள்ளைகள் இருந்தால் மாற்றிக் கொடுங்கள், கடைக்காரர்கள் பண்டிகை முடிந்து ஒரு வாரம் வரைதான் பொறுப்பார்கள்.

அடுத்து எப்போது போகலாம் என்றால், மாசி பங்குனியில் போங்கள். அப்போது எந்த இல்லத்துக்கும் விருந்தாளி இல்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சைக்கு உட்கார்ந்திருப்பார்கள். கணக்கு சொல்லித்தர ஒரு ஆள் வாரம் இரண்டு நாள் வந்தால் பெரிய உதவி. ஜூனில் பள்ளி திறக்கும்போது பை, ஜாமெட்ரி பாக்ஸ், செருப்பு தேவைப்படும். தீபாவளிக்கு எழுதிவைத்த அந்த அளவு நோட்டைத் தொலைத்துவிடாதீர்கள், செருப்பு வாங்க அதுவே உதவும். எல்லா அளவையும் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்.